பகல் பத்தில் திறந்த ஜன்னல்

போன ஞாயிற்றுக்கிழமை காய்கறிப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது என் மகன் ஏணியின் உச்சிப் படியில் நின்றுகொண்டிருந்தான். கையில் வாடகைக்கு எடுத்து வந்த டிரில்லிங் மிஷின். கூடத்துக்கும் சின்ன அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஆள் போகும் அளவுக்குக் கோடு போட்டு, அதில் பாதியைத் தரையில் கொட்டியிருந்தான். தலை முதல் கால் வரை சுண்ணாம்பு. "பார்த்தியாம்மா? கொத்தனாரே வேணாம். வீடியோ பார்த்தே பண்ணிட்டேன்!" என்றான்.

நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். "சுவர்தானேம்மா, அதுக்கு ஏன் இப்படி அலறுற?" என்று அவன் கேட்டான். மறுநாள் ஒரு கொத்தனாரை அழைத்துக் காட்டினேன். வெறும் தடுப்புச் சுவர்தான், மேலே எதையும் தாங்கவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் ஆகிறது. அந்தச் சுவர்ப் பக்கம் போனால் இன்னும் மேலேயேதான் பார்க்கிறேன். உடைந்த சுவரைவிட அவன் முகத்தில் இருந்த சந்தோஷம்தான் என்னை அதிகம் உலுக்கிவிட்டது. அந்த முகம் எனக்குத் தெரியும். பத்து வயதில், இதே வீட்டில், அதை நான் நாலு நாள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பாலக்கரையில் ஒரு சந்தின் ஓரமாக நிற்கும் நீளமான, குறுகலான வீடு எங்களுடையது. வாசலில் வெயில் கொளுத்தும். உள்ளே போகப் போக இருட்டும். கடைசியில் இருக்கும் அடுப்படிக்கு வந்தால் மதியம் பன்னிரண்டு மணிக்கும் பல்பு எரிந்தாக வேண்டும். கூரையில் புகை போவதற்கென்று ஒரு சின்னத் துவாரம் உண்டு. புகை அதைக் கண்டுகொள்ளாமல் நேராக அம்மாவின் கண்ணுக்குள்தான் போகும். கீரையில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவாள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆயக் கூடாது என்பது பெரியப்பாவின் சட்டம். சந்துப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்துவிட்டால் தீர்ந்தது என்பது அம்மாவின் கட்சி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அந்த வீட்டில் வாய் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான்.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன். தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். "எங்கப்பா கட்டின சுவர். அதுல ஆணி அடிக்கிறதா இருந்தாக்கூட என்னைக் கேக்கணும்" என்பார். ஜன்னல் வைத்தால் சந்தில் போகிறவன் வருகிறவன் எல்லாம் நம் வீட்டுக் குழம்பை எட்டிப் பார்ப்பான் என்பது அவர் சொன்ன காரணம். இதைச் சொன்னவர் அந்த அடுப்படிக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அவருக்குச் சாப்பாடு கூடத்துக்கு வரும்.

அந்த வருஷம் மார்கழியில் பெரியப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. ஸ்ரீரங்கத்தில் மகளைக் கொடுத்திருந்த வீட்டில் தங்கி, பகல் பத்து பத்து நாளும் பெருமாளைச் சேவித்து, ஏகாதசியன்று சொர்க்கவாசலும் பார்த்துவிட்டுத் திரும்புவதென்று தீர்மானித்தார். பெரியம்மாவும் கூடப் போகிறார். எங்களுக்கு அரைப் பரீட்சை லீவு. அப்பா திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் இரும்புத் தகடு வெட்டும் பிரிவில் இருந்தார். அவருக்கு மிச்சமிருந்த லீவை வருஷம் முடிவதற்குள் எடுக்காவிட்டால் வீணாகிவிடும். இப்படி மூன்றும் ஒரே சமயத்தில் கூடி வந்ததை அம்மா பெருமாளின் உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள்.

கிளம்பும் அன்று ரிக்‌ஷாவில் ஏறப்போன பெரியம்மா, எதையோ மறந்துவிட்டவர்போலத் திரும்பி உள்ளே வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாகச் சொன்னார்: "பதினோரு நாளு. அதுக்கு மேல ஒரு நாள்கூட என்னால அவரை இழுத்துப் பிடிக்க முடியாது. முடிச்சிடு." இருபத்தைந்து வருஷம் அதே அடுப்படியில் புகை குடித்தவர் அவர். கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் வீட்டில் ஒரு சதி நடக்கிறது! அதில் நானும் இருக்கிறேன்!

சதியில் இருந்த ஒரே குறை, ஸ்ரீரங்கம் ரொம்பப் பக்கத்தில் இருந்ததுதான். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் போதும். பெரியப்பாவுக்குத் தோன்றினால் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்கலாம்.

முதல் இரண்டு நாள் அப்பா சுவரைத் தொடவே இல்லை. "டிராயிங் இல்லாம ஒரு வேலையும் ஆரம்பிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, என் கணக்கு நோட்டில் நடுப்பக்கத்தைக் கிழித்து ஜன்னலை வரைந்தார். மூன்றடி அகலம், மூன்றடி உயரம். அம்மா அதை ஒரு பார்வை பார்த்தாள். கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் அவளே ஒரு கட்டம் இழுத்தாள்.

"இவ்ளோ வேணும்."

"ஏய், இது ஜன்னலா, கோட்டை வாசலா?"

"பதிமூணு வருஷமா கேட்ட ஜன்னலுங்க. கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும்."

பேரம் நடந்து நாலுக்கு மூன்றரையில் முடிந்தது. அப்பா தனக்குத் தெரிந்த ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டமும் கம்பியும் அடிக்கக் கொடுத்துவிட்டு வந்தார். கூடவே தொழிற்சாலை மஞ்சள் ஹெல்மெட் ஒன்றையும் எடுத்து வந்தார். அது யாருக்கு என்று நான் கேட்பதற்குள் என் தலையில் கவிழ்த்துவிட்டார். கண்ணை மறைத்தது. உள்ளே ஒரு துண்டைச் சுருட்டி வைத்ததும் பொருந்திவிட்டது. அதற்கப்புறம் அந்த ஹெல்மெட்டைச் சாப்பிடும்போதுகூட நான் கழற்றவில்லை.

மூன்றாம் நாள் காலை இடிப்பு. அடுப்பு கொல்லைக்குப் போயிற்று. பாத்திரங்கள் கூடத்துக்கு வந்தன. முதல் அடி நான்தான் அடித்தேன். அப்பா உளியைப் பிடித்துக்கொள்ள, இரண்டு கையாலும் சுத்தியலைத் தூக்கிப் போட்டேன். பூச்சு ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. இந்த வீட்டில் சுவரில் பென்சிலால் கோடு கிழித்ததற்குப் பெரியப்பாவிடம் அடி வாங்கியவள் நான். இப்போது அதே சுவரை உடைக்கிறேன், அப்பா "நல்லா அடி, இன்னும் நல்லா" என்கிறார்! இதைவிடப் பெரிய திருவிழா ஒன்று இருக்க முடியாது என்று தோன்றியது.

சுவர் இரண்டு அடி கனம். மெல்லிய பழைய செங்கற்கள். நான் சட்டியில் அள்ளி அள்ளிக் கொல்லையில் கொட்டினேன். அம்மா முந்தானையை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கடப்பாரை பிடித்தாள். அம்மா கடப்பாரை பிடித்து நான் பார்த்தது அன்றுதான். பதினொரு மணி இருக்கும். அப்பா ஒரு செங்கல்லை வெளிப்பக்கமாகத் தள்ளினார். அது சந்தில் போய் விழுந்த சத்தம் கேட்டது. அந்த இடத்தில் ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் பாய்ந்து வந்தது. தூசிக்குள் அது ஒரு சாய்ந்த பலகை மாதிரி நின்றது. அம்மா கையை அதில் நீட்டினாள். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஏங்க, இந்த வளையல் பச்சையா? நான் நீலம்னு நினைச்சிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் இருமிக்கொண்டே சிரித்தோம்.

அன்று மாலைக்குள் பேசி முடித்த அளவு முழுவதும் ஓட்டையாகிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து வாசல் கதவு தட்டப்பட்டது. பெரியப்பா.

ஸ்ரீரங்கத்தில் விடியற்காலைக் குளிர் தாங்கவில்லையாம். குல்லாயை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார். அப்பா கொல்லை வழியாக மறைந்துவிட்டார். கூடத்தில் நானும் அம்மாவும் சுண்ணாம்புச் சிலைகளாக நின்றோம். பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னடி இது, பத்து வயசுலயே புருவமெல்லாம் நரைச்சுப் போச்சு? தலையில என்ன சட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம்னு பழசைச் சுரண்டிட்டு இருக்கோம் மாமா. அதான் பாத்திரமெல்லாம் வெளிய கிடக்கு."

பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல காரியம். அடுப்படியையும் விட்டுடாதீங்க, சேர்த்து நல்லா சுரண்டிடுங்க" என்று சொல்லிக் குல்லாயை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அம்மா கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டாள். "அனுமதியே கொடுத்துட்டாருடி" என்றாள்.

நாலாம் நாள் காலையில் இரும்புச் சட்டம் வந்தது. அப்பாவும் அம்மாவும் தூக்கி ஓட்டையில் பொருத்திப் பார்த்தார்கள். மேலே ஒரு விரல் கனம் இடித்தது. "ஒரு வரிசை தட்டிவிட்டா உக்காந்துடும்" என்று அப்பா கடப்பாரையை எடுத்தார்.

இரும்புத் தகட்டில் கோடு போட்டு வெட்டினால் ஓட்டை அந்தக் கோட்டோடு நிற்கும். இருபது வருஷமாக அப்பா பார்த்த பொருள் அப்படித்தான் நடந்துகொண்டது. சுவர் அப்படி இல்லை. மேலே ஒரு கல்லையோ கட்டையையோ கொடுத்துத் தாங்காமல் சுவரில் அகலமாக ஓட்டை போடக் கூடாது என்று பாலக்கரையில் எந்தச் சித்தாளைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். அப்பா யாரையும் கேட்கவில்லை. கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டால் விஷயம் அன்று சாயங்காலமே காவிரியைத் தாண்டிவிடும் என்று பயம்.

அந்த ஒரு வரிசையைத் தட்டியதும் அது விழுந்தது. பின்னாலேயே அதற்கு மேல் வரிசையும் விழுந்தது. யாரும் தொடாமலேயே அதற்கு மேலிருந்ததும் விழுந்தது. செங்கற்கள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், கீழே இறங்கி வந்தன. நான் கைதட்டினேன் என்று நினைக்கிறேன். வேலை எவ்வளவு சுலபமாக நடக்கிறது! தூசி அடங்கியபோது அப்பா அசையாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியின் குறுக்கே போகும் தேக்கு உத்தரம் அந்தச் சுவரின்மேல்தான் உட்கார்ந்திருந்தது. மேலே மொட்டை மாடி முழுவதும் அதன் மேல். அதன் நுனிக்குக் கீழே இப்போது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கறக் என்று ஒரு சத்தம். கூரையிலிருந்து ஒரு கோடாக மண் கொட்டியது.

அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார். எங்கள் அடுப்படியின் கூரை தாழ்வு. உத்தரம் சரியாக அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. இடிபாட்டின் மேல் ஸ்டூல் ஆடியது. அம்மா ஓடிப் போய் அதன் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, ஓடு. பாய் மாமாவை ஜாக்கியோட வரச் சொல்லு. லாரியத் தூக்கற பெரிய ஜாக்கி."

எதிரில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர்தான் பாய் மாமா. நான் சொன்னதை முழுசாகக் கேட்கும் முன்பே ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே வந்து மேலே பார்த்தார். "யா அல்லா, என்ன தம்பி பண்ணி வச்சிருக்கே?" என்றார். ஜாக்கி ஒரு அடி உயரம்தான். உத்தரம் தலைக்கு மேலே இருக்கிறது. ஜாக்கியின் மேல் நிறுத்த ஒரு கனமான மரத் தூண் வேண்டும், அதை அளவு பார்த்து அறுத்துக்கொண்டு வர வேண்டும். "அசையாதே தம்பி. தங்கச்சி, நீ வெளிய வந்துடும்மா" என்றார். அம்மா ஸ்டூலை விடவில்லை. "நீங்க போய் மரத்தை அறுத்துட்டு வாங்கண்ணே" என்றாள். அவர் பட்டறைக்கு ஓடினார்.

"பாப்பா, நீ வாசலுக்குப் போ" என்றார் அப்பா. நான் போனேன். வாசலில் என்ன இருக்கிறது? கூடத்து வழியாகத் திரும்பி வந்தேன். "வாசலுக்குப் போன்னு சொன்னேன்ல?" மறுபடியும் போனேன். இந்த முறை சந்துக்குள் புகுந்து, வெளிப்பக்கமாக வந்து, அந்தப் பெரிய ஓட்டையில் ஹெல்மெட்டோடு தலையை நுழைத்து எட்டிப் பார்த்தேன். உத்தரத்தின் நுனி என் தலைக்கு நேர் மேலே இருந்தது. "அப்பா, இங்கேருந்து பார்த்தா எல்லாம் சூப்பராத் தெரியுது!" என்றேன்.

அப்பாவின் முகம் போன விதத்தைப் பார்த்து, அவருக்குத் தோள் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாதான் பேசினாள். குரல் சாதாரணமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு அனுப்பும்போது பேசுவாளே, அதே குரல். ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்தபடி மற்றக் கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"பாப்பா, காந்தி மார்க்கெட்ல வெல்ல மண்டி தெரியும்ல?"

"தெரியும்."

"அரைக் கிலோ வெல்லம் வேணும். முக்குக் கடையில வாங்காத. மண்டியிலதான் வாங்கணும். சீக்கிரம் போ."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தின நாள்தான் அப்பா சொல்லியிருந்தார், அந்தக் காலத்தில் சுண்ணாம்போடு வெல்லமும் கடுக்காயும் சேர்த்து அரைத்துத்தான் சுவர் கட்டுவார்கள், அதனால்தான் இரும்பு மாதிரி நிற்கிறது என்று. அவர் அந்தப் பக்கம் போனதும் நான் சுவரை நக்கிக்கூடப் பார்த்தேன். இனிப்பு இல்லை. இப்போது வெல்லம் தீர்ந்துபோன சுவர் விழப் பார்க்கிறது, புது வெல்லம் வந்தால் நின்றுவிடும். எவ்வளவு பெரிய வேலை! அதை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஓடினேன். ஹெல்மெட் தலையில் உருண்டது. கழற்றத் தோன்றவில்லை. கடைத்தெருவில் யாரோ, "ஏ பாப்பா, எந்த ஃபேக்டரியில ஷிஃப்டு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மண்டியில் பெரிய ஆட்களின் இடுப்புகளுக்கு நடுவே புகுந்து முன்னால் போய் நின்றேன். "அவசரம் அண்ணே, வீடு விழுது" என்றேன். மண்டிக்காரர் சிரித்துக்கொண்டே முதலில் எனக்குக் கட்டிக் கொடுத்தார். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்து, ஓட்டை வழியாக நீட்டினேன்.

"அதுக்குள்ள வந்துட்டியா?" என்றாள் அம்மா.

பெருமை தாங்கவில்லை எனக்கு. "ஓடியே வந்தேன்!" என்றேன்.

அம்மா பொட்டலத்தை ஒரு கையால் பிரித்தாள். "இது கருப்பா இருக்குடி. மாத்திட்டு வா. மஞ்சளா இருக்கணும்."

மறுபடி ஓடினேன். பழகிய வழி ஆகிவிட்டதால் இன்னும் வேகம். மண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். "வீடு இன்னும் விழலையா?" என்று கேட்டார். "நான் போனாத்தான் நிக்கும்" என்றேன். திரும்பி வந்தபோது பாய் மாமா தூணைக் கொண்டு வந்திருந்தார். அது நாலு விரல் அதிகமாக இருந்ததால் அடுப்படியிலேயே வைத்து மறுபடி அறுத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். "வந்துட்டியா?" என்றாள். "இது பத்தாது போல இருக்கே. இன்னொரு அரைக் கிலோ வாங்கிட்டு வந்துடு."

"பாப்பா, மெதுவாப் போ" என்றார் உத்தரத்துக்குக் கீழேயிருந்து அப்பா. "ஓடாத. ரோட்டப் பார்த்துத் தாண்டு. மெதுவாவே வா." வீடு விழுந்துகொண்டிருக்கும்போது மெதுவாக வரச் சொல்கிறாரே என்று அவர்மேல் கோபம்தான் வந்தது. மூன்றாவது ஓட்டத்தில்தான் நான் அதிவேகம். ஒரு செருப்பு எங்கேயோ கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது உத்தரத்துக்குக் கீழே தூண் நின்றது. தூணுக்குக் கீழே ஜாக்கி. பாய் மாமா சந்தில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார். அப்பா கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்து, கையால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். என்னை இழுத்து உட்காரவைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அங்கே ஏதோ தொலைந்துபோன மாதிரி.

பல வருஷங்களுக்குப் பிறகு என் கல்யாணத்துக்கு வந்த பாய் மாமாதான் சொன்னார்: "உங்கப்பா தோள்ல தாங்கிட்டு நின்னாருன்னா நினைக்கிற? மாடியோட கனம் என்ன, ஒரு மனுசன் தோள் என்ன? ஒரு செங்கல்லும்மா. அந்த மூலையில ஒரே ஒரு செங்கல்லுதான் தாங்கிட்டு இருந்துச்சு. அதுவும் விரிசல் விட்டுப் போச்சு. நான் அத அவங்ககிட்ட சொல்லல."

ஜன்னல் வந்துவிட்டது. பாய் மாமா நம்பிக்கையான ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார். ஓட்டைக்கு மேலே சேனல் என்கிற இரும்பு விட்டங்கள் இரண்டைக் குறுக்காகக் கொடுத்து உத்தரத்தை அதன்மேல் உட்காரவைத்தார்கள். ஓட்டை ஆறடிக்குப் போய்விட்டதால் அப்பாவின் சட்டம் அதற்குள் குழந்தை மாதிரி நின்றது. பக்கத்தில் இன்னொரு சட்டம் சேர்த்து வெல்டு வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஜன்னல், அம்மா முதலில் கோலமாவால் போட்ட கட்டத்தைவிடப் பெரியது. பத்தாம் நாள் வெள்ளையும் அடித்தாகிவிட்டது.

ஏகாதசி முடிந்து பெரியப்பா வந்தார். யார் எப்படிச் சொல்வது என்று அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, நானே சொல்லிவிட்டேன். "பெரியப்பா, அடுப்படியில உத்தரம் விழப் பார்த்துச்சு. நான்தான் மூணு தடவை வெல்லம் வாங்கிட்டு வந்து காப்பாத்தினேன்!"

பெரியப்பா முதல் தடவையாக அடுப்படிக்குள் போனார். ஜன்னலைப் பார்த்தார். சேனல்களைப் பார்த்தார். புதுப் பூச்சுக்கு மேலே உத்தரம் இறங்கிய இடத்தில் இன்னும் தெரிந்த விரிசலை விரலால் தடவினார். அப்புறம் திரும்பி அப்பாவைப் பார்த்தார். எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். வீடே விழப் பார்த்தது என்பது அவருக்கு உறைக்க நேரம் ஆயிற்று. கடைசியில் எங்களை எல்லாம் எண்ணுகிற மாதிரி ஒரு தடவை பார்த்துவிட்டு, "சந்துல போறவன் எட்டிப் பார்ப்பானேடா" என்று மட்டும் சொன்னார்.

"பார்க்கட்டும். நம்ம வீட்டுக் குழம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றார் பெரியம்மா.

"ஒரு திரையாவது போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா குல்லாயைக் கழற்றி வைத்தார். அதோடு முடிந்தது.

மறுநாள் காலை பல்பு போடாமல் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெயில் அவள் மடிவரை வந்திருந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அம்மா, நான்தானே வீட்டைக் காப்பாத்தினேன்?"

"ஆமாடி. நீதான்."

"மூணாவது தடவைதான் ரொம்ப வேகம், இல்ல?"

அம்மாவின் கை கீரையில் நின்றுவிட்டது. "நீ அவ்ளோ வேகமா வந்திருக்க வேண்டாம்" என்றாள். வெளிச்சத்தில் அவள் கண் கலங்கியிருப்பது தெரிந்தது. அடுப்படியில் இப்போது புகை கிடையாதே என்று யோசித்தேன். பிறகு, ஓட்டப் பந்தயத்தைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது என்று முடிவு செய்துகொண்டு விளையாடப் போய்விட்டேன்.